ஹார்ன் வாசித்துப் பிழைக்க முடியுமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, மகன் பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தையே தொழிலாக்கப் போகிறான், வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவன் ஹார்னை எடுத்ததில் எனக்குப் பயமில்லை. "நல்லா வாசிச்சா வேலை தானா வரும்" என்கிறானே, அதுதான் இடிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஹார்ன் கலைஞர் ஜியோவன்னி புன்டோவைப் பற்றி அவனிடம் பேசுங்கள்.

1746-இல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி), துன் பிரபுவின் பண்ணையடிமை ஒருவருக்குப் பிறந்தவர். படிக்க வைத்ததும் அந்தப் பிரபுதான். ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஹாம்பெல் என்பவர் குரு. அன்றைய ஹார்னில் சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வு கிடையாது. தானாக எழும் சில சுரங்கள்தான் வரும். ஹார்னின் அகன்ற வாய்க்குள் வலது கையை விட்டு, அடைத்தும் திறந்தும் விடுபட்ட சுரங்களைப் பிடிக்கும் வித்தையை அவரிடம் கற்றார். இருபது வயதில் பிரபுவிடமிருந்து ஓடிப்போனார். பிடித்து வாருங்கள், முடியாவிட்டால் முன்பல்லையாவது உடையுங்கள் என்று பிரபு ஆள் அனுப்பினாராம். பல் போனால் ஹார்ன் போச்சு!

பெயரை இத்தாலியப் பெயராக்கிக்கொண்டு தப்பித்தவருக்கு ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகர அரசவையில் வேலை. கேட்ட பதவி கிடைக்காததால் 1774-இல் அதையும் விட்டார். அப்புறம் ஊர் ஊராகக் கச்சேரி. இசையமைப்பாளர் மொசார்ட் 1778-இல் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இவர் வாசிப்பைப் புகழ்ந்தார். இன்னொரு இசை மேதை பீத்தோவன் இவருக்காகவே ஹார்னும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சொனாட்டா எழுதி, 1800 ஏப்ரல் 18 அன்று வியன்னாவில் தானே பியானோவில் உடன் வாசித்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கே பாரிஸில் புதிதாகத் தொடங்கிய இசைக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அங்கே ஒரு நாடக அரங்கின் வாத்தியக் குழுவை வயலினோடு நின்று நடத்தினார். வயலின் தெரியாதிருந்தால் திண்டாட்டம்தான். ஹார்னுக்கு கான்செர்ட்டோக்கள் (வாத்தியக் குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் இசைப் படைப்புகள்) எழுதினார். லண்டனில் அரசரின் ஹார்ன் கலைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். குருவின் பயிற்சி நூலைத் திருத்தி வெளியிட்டார்.

இன்றும் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் முப்பது பேர் வரை இருப்பார்கள், ஹார்ன் பெரும்பாலும் நாலு பேர்தான். ஒருவர் ஓய்வுபெற்றால்தான் அடுத்தவருக்கு இடம். அதற்காக ஹார்னை விடச் சொல்லாதீர்கள். கூடவே பியானோ, இசை எழுதும் பயிற்சி இரண்டையும் இந்த வருடமே தொடங்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அவன் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். அதற்குப் பொறுமை இருக்கிறதா என்று தெரிந்த பிறகு, எந்தக் கல்லூரி என்று உட்கார்ந்து பேசலாம்.