பொடியனின் தண்டப்பணத்தை யார் கட்டுவது? – கேள்வி பதில்

திருகோணமலையில் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிறுவர் வழக்குகளில் வரும் தண்டப்பணம் பற்றி மட்டும் கேளுங்கள். காணிப் பிணக்கு என்னிடம் வேண்டாம்.

மூதூர் வாசகி: மகனுக்கு 15 வயது, வழக்கு நடக்கிறது ஐயா. தண்டப்பணம் விதித்தால் கட்ட வழியில்லை.

தங்கச்சி, 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி அந்தப் பணத்தைப் பெற்றோர் கட்ட வேண்டுமென்று நீதவான் உத்தரவிடலாம். குற்றம் அவனுடையது, கடன் உங்களுடையது. அதனால் தீர்ப்புக்கு முன்பே வீட்டு நிலைமை நீதவானுக்குத் தெரிய வேண்டும். நன்னடத்தை அறிக்கை எழுத வருபவரிடம் வீட்டு வாடகை, அடகுச் சீட்டு, கடலுக்குப் போகாத நாட்கள் எதையும் மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் கடைசியில் மாட்டுகிறார்கள். தண்டத்துக்குப் பதிலாக அவனை நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விடும்படி கேட்கலாம். விதித்துவிட்டால் அன்றைக்கே தவணை கேளுங்கள். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதற்கு இடம் தருகிறது. சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ஒரு தாய் மகனின் தண்டத்துக்காகக் காப்பை அடகு வைத்து, நோட்டுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார். முடிச்சை அவிழ்க்கக் கை நடுங்கியது. மகனோ வெளியே மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று மாதத்தில் இன்னொரு வழக்கில் திரும்பவும் வந்தான். காப்பு மீளவில்லை.

பாலையூற்று: ஹெல்மெட் போடவில்லை என்று பொலிஸ் சீட்டுத் தந்தது. தள்ளுபடி உண்டா?

அது நீதிமன்றத் தண்டம் இல்லை. 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டுங்கள்.

உவர்மலை: அமெரிக்காவில் சிறுவர் வழக்கில் பெற்றோரிடம் பணம் வாங்குவதை எடுத்துவிட்டார்களாமே?

கலிபோர்னியாவைச் சொல்கிறீர்கள். அங்கே பிள்ளையைத் தடுத்து வைத்த நாளுக்கு, அரசு வைத்த வழக்கறிஞருக்கு, காலில் மாட்டிய கண்காணிப்புக் கருவிக்கு என்று பெற்றோருக்கே பில் போனது. 2018 ஜனவரி முதல் அதை நிறுத்தினார்கள். 2020இல் வந்த இன்னொரு சட்டம் பழைய பாக்கியையும் தள்ளியது. பாதிக்கப்பட்டவருக்கான நட்டஈட்டை அந்தச் சட்டங்கள் தொடவில்லை.

மத்திய வீதிக் கடைக்காரர்: நல்ல நியாயம்! என் கடைப் பூட்டை உடைத்தவனுக்குத் தண்டமும் இல்லையென்றால் பயம் எங்கே வரும்?

கிண்ணியா: அண்ணே, அந்தத் தண்டப்பணம் உங்கள் கைக்கா வந்தது? அரசாங்கத்துக்குத்தானே போனது.

கடைக்காரர்: வராவிட்டால் பரவாயில்லை, அவனுக்கு வலிக்க வேண்டும்.

வலித்தது அவன் தாய்க்கு, முதலாளி. நான் தள்ளச் சொல்வது அரசுக்குப் போகும் பணத்தை. உங்கள் பூட்டுக்கான நட்டஈடு வேறு கணக்கு. அதைத் தள்ளுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதையும் தாயிடம் பிடுங்காமல், பொடியன் வாரக் கடைசியில் உங்கள் கடையிலேயே சாமான் அடுக்கிக் கழிக்கட்டுமே?

கடைக்காரர்: என் கடைக்குள்ளேயா!

சரி, வேறு கடையில்.

சாம்பல்தீவு: ஹெல்மெட் தண்டம் குறைக்க…

மேலே பாருங்கள் தம்பி.

நிலாவெளி: வெசாக் பண்டிகைக்கு மன்னிப்புக் கிடைக்குமா?

அது தண்டம் கட்டாமல் சிறையில் இருப்பவர்களுக்கு, அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி கொடுப்பது. அதை நம்பித் தவணையை விடாதீர்கள்.

கன்னியா: நீதிமன்ற வாசலில் ஒருவர் 5,000 ரூபாய் தந்தால் தண்டத்தைக் குறைத்துத் தருகிறாராம்.

கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இதை எத்தனை தரம் சொல்வது?

தம்பலகாமம்: ஐயா, ஹெல்மெட்…

தபாலகம்!