புல்வெளிச் சமவெளியில் வண்டியில் செல்லும்போது பறவைகளையும் விலங்குகளையும் எப்படிக் கண்டறிவது?

எனக்கு நன்கு பழக்கமான புல்வெளி, குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்திலுள்ள வேளாவதர் என்பதால் அதை வைத்தே பதில் எழுதுகிறேன். முன்பு பாவ்நகர் மன்னர்கள் பழக்கிய சிவிங்கிகளை (சீட்டா) ஏவி வெளிமான் வேட்டையாடிய இந்நிலம், 1976-இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், வருபவர்களில் பலர் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, மான்களைத் தவிர வேறொன்றும் இல்லையென்று திரும்பிவிடுகிறார்கள்.

திறந்த வெளியில் நீங்கள் பார்ப்பதற்கு வெகு முன்பே விலங்குகள் உங்களைப் பார்த்துவிடும். ஓடாமல் நிற்கும் வண்டியை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மனித உருவத்தைக் கண்டால்தான் மிரளும். எனவே வண்டியை மெதுவாக ஓட்டி, வெயில் முதுகுப்பக்கம் விழும்படி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளேயே அமர்ந்து பார்ப்பதே சிறந்த வழி. மேய்ந்துகொண்டிருக்கும் வெளிமான்கள் அனைத்தும் திடீரெனத் தலைதூக்கி ஒரே திசையைப் பார்த்தால், உடனே தொலைநோக்கியை அத்திசையில் திருப்புங்கள். ஓநாயைக் காண இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. சீமைக் கருவேலம் மண்டிய ஓரங்களில் வெளிமானைத் தேட வேண்டாம். அங்கே பெரும்பாலும் நீலான்தான் (நீலகாய்) நிற்கும், அம்மரத்தின் காய்களைத் தின்று விதைகளைப் பரப்புவதிலும் நீலானுக்குப் பெரும் பங்குண்டு.

மார்ச் மாதத்தை ஒட்டிச் சென்றால், வெளிமான் ஆண்கள் நெருக்கமாகச் சிறு சிறு எல்லைகளை வகுத்துக்கொண்டு பெண்களுக்காகப் போட்டியிடுவதைக் காணலாம். கொம்புகள் முதுகின்மேல் சாய்ந்துவிடும் அளவுக்குத் தலையை நிமிர்த்தி, வாலை மேலே சுருட்டி, மூக்கால் உறுமியபடி ஆண் நடந்துவரும் மிடுக்கைப் பார்க்க, ஒரே இடத்தில் நெடுநேரம் காத்திருப்பது தகும்.

ஆனால் இங்கு நான் முதன்மையாகக் கருதுவது குளிர்கால மாலைகளைத்தான். கஜகஸ்தான் உள்ளிட்ட மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வலசைவரும் பூனைப்பருந்துகள், பகலெல்லாம் சுற்றுவட்டார வயல்களில் வெட்டுக்கிளி வேட்டையாடிவிட்டு, இருட்டுவதற்குள் இப்புல்வெளிக்குத் திரும்புகின்றன. மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையிலேயே இரவைக் கழிக்கும் இவை கூடுவதில், உலகின் மிகப்பெரிய இடங்களுள் ஒன்று இது. இறகுகளை ஆங்கில 'வி' வடிவில் உயர்த்தித் தாழ்வாகப் பறந்துவரும்போது, சாம்பல்நிற ஆணின் இறகின் மேற்புறத்தைப் பாருங்கள்: நடுவே கருங்கோடு ஓடினால் மான்டேகு பூனைப்பருந்து, கோடின்றி, நுனியில் மட்டும் ஒடுங்கிய கருமை இருந்தால் வெளிறிய பூனைப்பருந்து. பழுப்புநிறப் பெண்களைப் பிரித்தறிவது கடினம். அதற்காக மாலைப்பொழுதைச் செலவிட வேண்டாம்.

வரகுக்கோழி என்னும் புல்வெளிப் பறவையை இப்பயணத்தில் எதிர்பார்க்காதீர்கள். அதன் ஆண்கள் புல்லுக்கு மேலே எம்பிக் குதிப்பது மழைக்காலத்தில். அப்போது, ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, பூங்கா மூடியிருக்கும். அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் அப்பறவையைப் படமெடுப்பதற்காக, இனப்பெருக்கக் காலத்தில் வெளியேயுள்ள புல்வெளிகளில் வண்டியை இறக்கித் துரத்துவது பெருங்கேடு. யார் அழைத்தாலும் போகாதீர்கள்.