கேள்வி–பதில்: நீலம் ஏன் கத்தரிப்பூவாகிறது?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இப்போது ஆய்வுக்கூடப் பயிற்சியில் இருக்கிறேன். இதயத் திசுவுக்கு, தசையையும் நாரையும் வேறு வேறு நிறத்தில் காட்டும் மேசன் டிரைகுரோம் சாயம் போட்டால் தசை சிவப்பாக வருகிறது, நீலமாக வர வேண்டிய கொலாஜன் என்ற நார்ப்புரதம் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது. சாயம் பழசாகிவிட்டதா? வழக்கமான ஹெமட்டாக்சிலின்–ஈயோசின் சாயம் போதாதா?

பதில்: சாயத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி, நீலத்துக்கு முன்னால் வரும் அமிலத்தில் ஸ்லைடை எவ்வளவு நேரம் வைத்தாய்? "கொஞ்ச நேரம்" என்றால் கோளாறு அங்கேதான்.

பீப்ரிச் ஸ்கார்லெட்–ஆசிட் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தில் முக்கினால் தசை, கொலாஜன் எல்லாமே சிவந்துவிடும். தசை நெருக்கிப் பின்னிய பாய் மாதிரி, கொலாஜன் மீன்வலை மாதிரி. பாஸ்போமாலிப்டிக்–பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் வலையில் ஏறிய சிவப்பைக் கழற்றிவிடும், பாய்க்குள் மாட்டியது லேசில் வராது. அடுத்து வரும் அனிலின் நீலத்தின் மூலக்கூறு பெரிசு, இடமிருக்கும் வலையில்தான் போய் உட்காரும். நீ அவசரப்பட்டு எடுத்தால் மிச்சச் சிவப்பின் மேலேயே நீலம் ஏறும், வேறென்ன, கத்தரிப்பூதான். 10 முதல் 15 நிமிடம் என்பார்கள், நான் நடுவில் ஒருமுறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பேன், கொலாஜன் வெளுக்காவிட்டால் திரும்ப அமிலத்துக்கே போகும்.

ஃபார்மலினில் பதப்படுத்திய திசு என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் புவான் என்ற பதப்படுத்தும் கரைசலில் 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பிறகு மஞ்சள் போகும்வரை குழாய்த் தண்ணீர். இதை விட்டால் தசையின் சிவப்பு சோகை பிடித்த மாதிரி இருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், புவானில் பிக்ரிக் அமிலம் இருக்கிறது, புட்டி மூடியோரம் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தால் திருகாதே, காய்ந்த பிக்ரிக் வெடிக்கக்கூடியது, மேற்பார்வையாளரைக் கூப்பிடு.

ஈயோசின் போதாதா என்றால், அதில் தசையும் ரோஸ், கொலாஜனும் ரோஸ், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். பியேர் மேசன் 1929இல் வெளியிட்ட இந்த முறை இன்னும் ஓடுவது அதனால்தான். மாரடைப்பு வந்து ஆறிய இதயத்தின் சீவலுக்கு ஒழுங்காகச் சாயம் போட்டு டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார், நுண்ணோக்கிக்குப் போகும் முன்பே சிவப்புக்கு நடுவில் கொலாஜன் நிறைந்த தழும்பு நீலமாகத் தெரியும்.