தீபாவளிக் கூட்டமும் போஸ்ட்கிரெஸ் கெடுவும்

கேள்வி: எங்களுடையது ஜவுளிக் கடை. பில்லிங் சாஃப்ட்வேர் உபுண்டு 22.04 இயங்குதளமுள்ள சர்வரில், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 14-ஆம் பதிப்பில் ஓடுகிறது. டேட்டாபேஸ் பேக்கேஜை, உபுண்டு தருவதை எடுக்காமல், போஸ்ட்கிரெஸ் களஞ்சியத்திலிருந்தே போட்டிருக்கிறோம். 2026 கடைசியில் பதிப்பு 19 வந்துவிடும் என்கிறார்கள். அதுவரை பொறுத்து, உபுண்டுவையும் சேர்த்து ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். சேர்த்தும் மாற்ற வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பை, பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. உங்கள் 14 வந்தது 2021 செப்டம்பரில். அதன் கடைசித் திருத்தம் 2026 நவம்பர் 12. அந்த வருடத் தீபாவளி நவம்பர் 8. 19 வரட்டும் என்று இருந்தால், கடையில் கால் வைக்க இடமில்லாத நாட்களில் சர்வரை நிறுத்த வேண்டிவரும்.

ஆகவே கடைக் காலண்டரை எடுத்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். மார்ச், ஏப்ரல் வருடக் கணக்கு. ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி, அதன் பின்னாலேயே தீபாவளிச் சரக்கு. மாதத்தில் 11-ம் 20-ம் ஜிஎஸ்டி. மிஞ்சுவது ஜூன் 20-க்குப் பிந்தைய ஒரு ஞாயிறு இரவு.

அன்றைக்குப் போட வேண்டியது 18. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று சிறு திருத்தங்கள் வரும். 2025 செப்டம்பரில் வந்த 18, ஜூனுக்குள் மூன்று சுற்றாவது திருத்தம் பார்த்திருக்கும். 2030 நவம்பர் வரை கவலையில்லை. எனக்கு அதைப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் பிஜி-அப்கிரேட் கருவி, முன்பெல்லாம் தரவை மட்டும் கொண்டுபோகும், வேகமாகத் தேட உதவும் டேபிள் புள்ளிவிவரத்தை விட்டுவிடும். ஒரு கடையில் இரவு மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பழைய பில்லைத் தேடினால் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் புள்ளிவிவரத்தைப் புதிதாக எடுக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறந்திருந்தேன், அவ்வளவுதான். 18 அந்தப் புள்ளிவிவரத்தில் பெரும்பகுதியைத் தானே எடுத்து வந்துவிடும்.

ஒரு முட்டுக்கட்டை சொல்லிவிடுகிறேன். 18-இல் செக்சம், அதாவது டிஸ்கில் தரவு கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை, இயல்பாகவே இயங்கும். உங்கள் 14-இல் அநேகமாக அணைந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிஜி-அப்கிரேட் நகராது. செக்சம் இல்லாமல் புது கிளஸ்டரை (18-இன் தரவு இருக்கப்போகும் இடத்தை) உருவாக்குங்கள், அல்லது 14-ஐ நிறுத்தி முதலில் அதில் செக்சத்தை இயக்குங்கள். தரவுக் கோப்புகளை நகலெடுக்காமல் பழையவற்றையே பயன்படுத்தும் லிங்க் முறை வேகமானதுதான். ஆனால் புதியதை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. டிஸ்கில் இடமிருந்தால், கோப்புகளை நகலெடுக்கும் காப்பி முறையே போதும். பேக்கப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து ஒத்திகையும் பார்த்துவிடுங்கள்.

உபுண்டு 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை நேரமிருக்கிறது. அதைப் பொங்கல் விற்பனை முடிந்து ஜனவரிக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 22.04-இலிருந்து 26.04-க்கு நேரே தாவ வழியில்லை, 24.04 வழியாகத்தான் போக வேண்டும். தனித்தனியாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: இயங்குதளம் மாறும்போது அதன் அடிப்படை நூலகமான ஜிலிப்சியும் (glibc) மாறும், அதோடு எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதமும் மாறக்கூடும். பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் அட்டவணையில்), இருக்கிற வாடிக்கையாளர் பெயரையே தேடினால் ‘இல்லை’ என்று வரும். அந்த இரவே எழுத்து நெடுவரிசைகளின் இன்டெக்ஸ்களை ரீஇன்டெக்ஸ் செய்து, அதாவது புதிதாகக் கட்டிவிட்டு, நாலு பழைய வாடிக்கையாளர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டுங்கள்.