வாசகர் கேள்வி–பதில்: ஜிபேயில் வரும் ஓட்டுக்காசு

கேள்வி: உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் பணம் கொடுப்பதைப் படம் பிடித்தால் சி-விஜில் செயலியில் அனுப்பலாமா? (மணப்பாறை வாசகர்)

தேர்தல் முறைகேடுகளைப் புகார் செய்யும் அந்தச் செயலி இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கானது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். எனவே தேர்தல் நடத்தும் அலுவலரிடமோ, மாவட்டத் தேர்தல் அலுவலரிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். நாள், நேரம், தெரு, வண்டி எண் எல்லாம் இருக்கட்டும். வீடியோவை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு அசலை அழிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அதில் தங்காது. வழக்கு என்று வந்தால் பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு அசல் கோப்பும் அந்தப் போனும் வேண்டும்.

கேள்வி: ஜிபேயில் அனுப்பினால் சிக்கிக்கொள்வார்களா? (தேனி வாசகி)

சுவடு கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றமும் 12 இலக்க எண்ணோடு இரண்டு கணக்குகளிலும் பதிவாகிறது. ஒரே கணக்கிலிருந்து வழக்கமில்லாமல் பலருக்குப் பணம் போனாலோ, 1 லட்சத்துக்கு மேல் சந்தேகத்துக்கிடமாக எடுத்தாலோ போட்டாலோ வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியத் தேர்தல் ஆணையம் தன் தேர்தல்களுக்குப் போட்டிருக்கும் விதி. ஆனால் பத்துப் பேர் கணக்கில் பிரித்து, ஆளுக்கு ஐந்நூறாக அனுப்பினால் அது கைமாற்றுக் கொடுத்தது போலத்தான் தெரியும். யாராவது குறிப்பாகப் புகார் கொடுத்தால் ஒழிய அது வெளியே வராது. வாங்குவதும் குற்றம்தான்: பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 170, 173 பிரிவுகளின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: பணம் வாங்கிவிட்டு ஓட்டை மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும் என்கிறார்களே? (விருத்தாசலம் வாசகி)

உங்கள் தனி ஓட்டு தெரியாது. வாக்குப்பதிவு இயந்திரம் யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பதிவதில்லை. ஓட்டுப் போடுவதைப் போனில் படமெடுத்துக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாக்கின் ரகசியத்தைக் காக்கவே போனுக்குத் தடை இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை பூத் வாரியாக நடக்கிறது. சிறிய வார்டுக்கு ஒன்றிரண்டு பூத்தான். எந்தத் தெரு கைவிட்டது என்று பணம் இறக்கியவர் எண்ணும் நாள் மாலையே ஊகித்துவிடுவார். அந்த பயத்தை வைத்துத்தான் மிரட்டல் நடக்கிறது. பல பூத்களின் ஓட்டைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. என் பார்வையில், எந்தச் செயலியையும்விட முதலில் வரவேண்டியது இதுதான்.