நினைவகக் கம்பிகளில் செலவாகும் மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணினி நினைவகத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளில் டி.டி.ஆர். 3 நினைவகம் 1.5 வோல்ற்றிலும், டி.டி.ஆர். 4 நினைவகம் 1.2 வோல்ற்றிலும், டி.டி.ஆர். 5 நினைவகம் 1.1 வோல்ற்றிலும் இயங்குவதாக உயர்தர மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓடும் சைகைகளின் மின்செலவைக் குறைக்க வோல்ற்றளவை இறக்கிக்கொண்டே போவதுதான் ஒரே வழியா?
— ஆசிரியர் ஒருவர், உப்புவெளி

பதில்: இல்லை. அந்த வழியில் இனிக் கிடைக்கக்கூடியது குறைவு. கம்பியின் கொள்ளளவத்தை (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மையை) ஏற்றி இறக்குவதற்குத் தேவையான வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்பதால், மீடிறன் மாறாதிருந்தால், 1.5 இலிருந்து 1.2 க்கு இறங்கும்போது 36 சதவீதம் மிச்சமாகும்; 1.2 இலிருந்து 1.1 க்கு இறங்கும்போது மிச்சமாவது 16 சதவீதந்தான். சைகை சிறுக்கச் சிறுக்க, இரைச்சலுக்கு நடுவே 0 எது, 1 எது என்று பிரித்தறிவதும் கடினமாகிறது.

மாணவர்களுக்கு இதைவிட முக்கியமாகச் சொல்லவேண்டியது, கம்பியின் முடிவில் இருக்கும் தடையியைப் பற்றியது. செக்கனுக்கு 320 கோடி பிற்றுகள் (0 அல்லது 1 என்னும் தரவுத் துணுக்குகள்) ஒரே கம்பியில் செல்லும் டி.டி.ஆர். 4 நினைவகத்தில் ஒரு பிற்றுக்குக் கிடைக்கும் நேரம் 0.31 நனோசெக்கன், அதற்குள் சைகை சுற்றுப்பலகையில் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரமே செல்லும். ஆகவே முதல் பிற்று போய்ச் சேருமுன்பே அடுத்தது புறப்பட்டுவிடும். கம்பியின் முடிவைத் திறந்தபடி விட்டால், கோணேசர் மலையின் பாறையில் மோதும் அலையைப் போலச் சைகை தெறித்துத் திரும்பி, பின்னால் வரும் பிற்றைக் குழப்பும். அதைத் தடுப்பதற்காக வைக்கப்படும் தடையி அலையை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் சைகை மாறாமல் நிற்கும்போதுங்கூட அதனூடாக மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தடையியின் மறுமுனையை எங்கே கட்டுவது என்பதில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது. டி.டி.ஆர். 3 இல் அது வழங்கல் அழுத்தத்தின் நடுமட்டத்துக்கு இழுக்கப்பட்டிருந்ததால் 0 அனுப்பினாலும் 1 அனுப்பினாலும் மின்னோட்டம் ஓடியது. டி.டி.ஆர். 4 இல் அதை வழங்கல் முனையுடனேயே இணைத்தார்கள். 1 அனுப்பும்போது இரு முனைகளும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் அங்கே மின்னோட்டம் இல்லை. 0 அனுப்பும்போது மட்டுமே செலவு. சைகையை அனுப்பும் சுற்றான செலுத்தியின் தடை 34 ஓம், முடிவுத் தடையி 48 ஓம் என்று கொண்டால், 0 ஒன்றுக்கு 14.6 மில்லி அம்பியர், அதாவது கம்பியொன்றுக்கு ஏறத்தாழ 17.6 மில்லி உவாற்று. 64 தரவுக் கம்பிகளும் ஒருசேர 0 ஆனால் 1.1 உவாற்று, எல்லாமே 1 ஆனால் ஏறத்தாழப் பூச்சியம். ஓமின் விதியை மட்டும் அறிந்த மாணவர்கூட இதைக் கணித்துவிடலாம். வகுப்பில் செய்து பார்ப்பதற்கு நல்ல கணக்கு.

கேள்வி: 0 இற்குத்தான் செலவு என்றால், பூச்சியங்கள் நிறைந்த கோப்பைப் படிக்கும்போது என்ன செய்வார்கள்?
— மாணவி ஒருவர், கிண்ணியா

பதில்: தலைகீழாக்கி அனுப்புவார்கள். எட்டுப் பிற்றுகளில் நான்குக்கு மேற்பட்டவை 0 ஆக இருந்தால் எட்டையும் மாற்றி அனுப்பிவிட்டு, மாற்றிய செய்தியை ஒன்பதாவது கம்பியில் தெரிவிப்பார்கள். 00000001 என்பது 11111110 ஆகப் போகும். அந்த ஒன்பதாவது கம்பியும் அப்போது 0 ஆகிவிடும். அதையும் சேர்த்தால் ஏழு பூச்சியங்களுக்குப் பதில் இரண்டு. எந்தத் தரவு வந்தாலும் ஒன்பது கம்பிகளில் நான்குக்கு மேல் 0 இராது. டி.டி.ஆர். 4 இல் இது ஒரு தெரிவு மட்டுமே. நான்கு தரவுக் கம்பிகள் கொண்ட சில்லுகளுக்கு இந்த வசதி இல்லை, டி.டி.ஆர். 5 இதை விட்டுவிட்டது.

கைத்தொலைபேசிகளில் பயன்படும் எல்.பி.டி.டி.ஆர். 4 இதற்கு நேர்மாறானது. அங்கே தடையி நிலமுனையுடன் இணைக்கப்படுவதால் செலவு 1 இற்குத்தான். சாதாரணத் தரவில் பூச்சியங்களே மலிந்திருப்பதால் இதையே நான் கெட்டிக்காரத்தனமான தெரிவு என்பேன். மேலும், இம்முறையில் சைகைக்கான வழங்கலை மட்டும் தனியே இறக்க முடிந்தது: எல்.பி.டி.டி.ஆர். 4 இல் 1.1 வோல்ற்று, அதன் 'எக்ஸ்' வடிவில் 0.6, எல்.பி.டி.டி.ஆர். 5 இல் 0.5. குறைந்த வேகமே போதுமான வேளையில் தடையியையே துண்டித்துவிடவும் முடியும்.

கம்பியையே குறுக்குவது இன்னொரு வழி. எச்.பி.எம். என்னும் அடுக்கு நினைவகம் செயலியின் பக்கத்திலேயே அமர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுங்கம்பிகளில் பேசுகிறது. முடிவுத் தடையியின் தேவை அங்கே எழுவதில்லை.

கேள்வி: டி.டி.ஆர். 4 நினைவகத்தின் வோல்ற்றளவைப் பயோஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில்) 1.1 ஆகக் குறைத்தால் மின்பட்டியல் குறையுமா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.
— கணினி திருத்துநர், திருகோணமலை நகர்

பதில்: குறையாது. முன்னே கணித்த 1.1 உவாற்று மாதம் முழுவதும் இடைவிடாமல் செலவானாலும் அது ஓர் அலகைத் தாண்டாது. 1.2 வோல்ற்றுக்கென வடிவமைத்த சில்லு குறைந்த அழுத்தத்தில் எப்போதாவது ஒரு பிற்றைப் பிழையாகப் படித்து, எச்சரிக்கை எதுவும் காட்டாமலே கோப்பைக் கெடுத்துவிடலாம். திரையின் ஒளியைக் குறைக்கச் சொல்லுங்கள்; அதில் மிச்சமாவது இதைவிட அதிகம்.