அந்தத் தூக்குவாளியை முதலில் இறக்கி வையுங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. மன்னார்குடி பக்கத்துக் கிராமம், மன்னார்குடியில் வேலை. மூன்று வருடமாக நெடுந்தூர மவுன்டன் பைக் பந்தயங்களைப் பின்தொடர்கிறேன். ஜூன் வந்தால் டூர் டிவைட் பந்தய வரைபடத்தில், வீரர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகளைப் பார்த்தபடியே பொழுது விடிந்துவிடும். போன வருடம் நானே ஒரு சைக்கிள் வாங்கினேன், 29 இன்ச் சக்கரம், 2.25 டயர். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை வழியாகவே ஓட்டுகிறேன். கல்லணை வரை சுற்றிப் போய்த் திரும்பி, யார் உதவியும் இல்லாமல் 200 கி.மீ. மூன்று தடவை முடித்துவிட்டேன். பஞ்சர் ஆனால் மட்டும் அப்பாவுக்குப் போன் செய்வேன், டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ட்யூபும், அப்படியே சாப்பாடும் கொண்டுவந்துவிடுவார். 120 கி.மீ. தாண்டினால் வாந்தி வருகிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது. மேடே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மலைக்கு எப்படித் தயாராவது? வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. 'ஏன்டா இந்தக் கூத்து' என்கிறார் அப்பா. இதற்கிடையில் பெண் வேறு பார்க்கிறார்கள். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: தம்பி, 'வீட்டில் யாருக்கும் புரியவில்லை' என்ற வரி இல்லாமல் இந்தப் பகுதிக்குக் கடிதம் வருவதே அபூர்வம். அதை ஒதுக்கி வைக்கிறேன். போகிறபோக்கில் வேறொன்று எழுதியிருக்கிறீர்கள்: 'பஞ்சர் ஆனால் மட்டும் அப்பாவுக்குப் போன் செய்வேன்.' பேச வேண்டியது அதைத்தான்.

சக்கரத்தின் அளவை எழுதினீர்கள். டயரின் அகலம்கூட எழுதினீர்கள். அப்பாவின் வயதை எழுதவில்லை. இருபத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பெற்றவர் அறுபதை ஒட்டித்தான் இருப்பார். அவர் உச்சி வெயிலில் தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, நீடாமங்கலம் தாண்டி வெண்ணாற்றங்கரையில் உங்களைத் தேடி வருகிறார். தூக்குவாளியில் இருப்பது ஒரு ஆள் சோறு. அன்றைக்கு அவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரா? திரும்பிப் போகையில் இருட்டிவிட்டால் அந்த வண்டியின் முன்விளக்கு எவ்வளவு தூரம் காட்டும்? மூன்று தடவையில் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

கேட்டிருந்தால் 'யார் உதவியும் இல்லாமல்' என்று எழுதக் கை வந்திருக்காது.

நீங்கள் இரவெல்லாம் பார்க்கும் டூர் டிவைட் எதற்குப் பேர் போனது? கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் உள்ள ஆன்டிலோப் வெல்ஸ் வரை சுமார் 4,400 கி.மீ. நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசுப் பணம் இல்லை. இருக்கிற பெரிய விதி ஒன்றுதான்: உன் பாட்டை நீயே பார்த்துக்கொள். வழியில் எந்தக் கடையிலும் வாங்கிச் சாப்பிடலாம், எந்த விடுதியிலும் தூங்கலாம், ஏனென்றால் அவை எல்லாருக்கும் திறந்திருப்பவை. உங்களுக்கென்று வீட்டிலிருந்து ஒருவர் சோறு கொண்டுவந்தால் அது விதிமீறல். 2016இல் சைக்கிள் வீரர் மைக் ஹால் அந்தத் தூரத்தை 14 நாளுக்குள் முடித்தது இந்த விதிக்கு உட்பட்டுத்தான். நம் நாட்டிலேயே நடக்கும் 200, 300, 400, 600 கி.மீ. பிரெவே எனப்படும், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய சைக்கிள் ஓட்டங்களிலும் இதே கதைதான். ஓட்டத்துக்கென்று குறித்த சோதனை இடங்களில் மட்டும் உதவி வாங்கலாம், நடுவழியில் உதவிக்குப் பின்வண்டி வரக்கூடாது. 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் தருவார்கள். பஞ்சர் ஒட்டுவதும் சாப்பிடுவதும் அதற்குள்ளேயே அடக்கம்.

ஆகவே நீங்கள் இதுவரை ஒரு 200கூட முடிக்கவில்லை. உங்கள் அப்பாதான் முடித்திருக்கிறார், டி.வி.எஸ்.ஸில்.

இனி அவரைக் கூப்பிடாமல் இருக்க என்ன வேண்டும் என்று சொல்கிறேன். நம் கரைகளில் டயரைக் குத்துவது பெரும்பாலும் சீமைக்கருவேல முள். ட்யூப் டயரில் அடுத்தடுத்து இரண்டு பஞ்சர் ஆவதற்குக் காரணம் அவசரம். பழைய ட்யூபை உருவிவிட்டுப் புதியதை உடனே திணிக்கிறார்கள். முள்ளின் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பழைய பருத்தித் துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் மெதுவாக இழுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. விரலால் தடவினால் விரலைக் கிழிக்கும். ஒட்டுப் போடும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரப் பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பத்தாவது கிலோமீட்டரில் பிரிந்துவிடும்.

அதைவிட நல்லது, ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுவது. ரிம்மும் டயரும் அதற்கு ஏற்றவைதானா என்று முதலில் பாருங்கள். உங்கள் டயருக்கு ஒரு சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்புங்கள். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை அடிப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்தால், சீலன்ட் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும். அடையாவிட்டால் பஞ்சர் ஒட்டும் ரப்பர் திரியை ஓட்டையில் செருக வேண்டும். காற்று 22 முதல் 26 பி.எஸ்.ஐ. போதும். கல் போல அடித்துக்கொண்டு மண் கரையில் ஓட்டாதீர்கள்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு ட்யூப், திரி, ஒட்டு, டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு, செயின் கட்டர், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி இரண்டு, ஒரு ஜோடி பிரேக் பேட், உங்கள் ஃப்ரேமுக்கே உரிய டிரெய்லியர் (derailleur) ஹேங்கர் ஒன்று. கடைசியில் சொன்னதை யாரும் வாங்குவதில்லை. கியரைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு ஒடிந்தால் சைக்கிள் நகராது. ஒரு மாடலுக்குள்ளது இன்னொன்றுக்குப் பொருந்தாது, அதனால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது.

அது ஒடிவது எப்போது? களிமண்ணில். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரைக் களிமண் டயரில் அப்பி, ஃப்ரேமுக்கு இடையில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டி மிதித்தால் கியர் இழுபட்டு ஹேங்கரோடு போகும். இறங்குங்கள். ஒரு குச்சியால் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு புல் இருக்கிற ஓரமாக நடங்கள். நியூ மெக்சிகோவில் மழை பெய்தால் டூர் டிவைட்காரர்களைப் படுத்துவதும் இதே மாதிரி மண்தான். வெளியூர்க்காரர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்வதை நீங்கள் பாமணியாற்றங்கரையிலேயே கற்கலாம். எனவே மழைக்காலத்தில் சைக்கிளைத் துடைத்து வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள்.

வாந்திக்கு வருகிறேன். அதற்கும் காரணம் அந்தத் தூக்குவாளிதான். நாலைந்து மணி நேரம் வெறும் தண்ணீரோடு ஓட்டுகிறீர்கள். பிறகு அப்பா வருகிறார், நிழலில் உட்கார்ந்து வயிறு முட்டச் சோறு, குழம்பு, எண்ணெயில் வதக்கிய கறி. உடனே சைக்கிள். வெயிலில் மிதிக்கும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் ஓடும், வயிற்றுக்கு மிச்சம் குறைவு. அந்தச் சோறு அங்கேயே நிற்கிறது, நாற்பது கிலோமீட்டர் கழித்து வெளியே வருகிறது.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துக்கொண்டு, அரைமணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். பழம், பேரீச்சை, கடலை மிட்டாய், எண்ணெய் குறைத்துப் பொடி தடவிய இட்லி, எல்லாமே நல்லது. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். அதையும் வெறுமனே குடிக்காதீர்கள். மருந்துக்கடையில் விற்கும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில் கரையுங்கள். அதில் சர்க்கரை 13.5 கிராம்தான், அது சாப்பாட்டுக்கு ஈடாகாது, உப்புக்காகத்தான் குடிக்கிறோம். வியர்வையில் உப்புப் போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றினாலும் தலைவலி, குமட்டல், வாந்தி வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு பாரமெல்லாம் கையில் இறங்கும். மட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள், ஹேண்டில்பாரில் கைமாற்றிப் பிடிக்க, அதன் நுனியில் மாட்டும் பார்-என்ட் என்ற கைப்பிடி போடுங்கள். மரமரப்பு நாள் கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மலை பற்றி. ஏற்றத்துக்கு நம் ஊரில் ஆடிக் காற்று இருக்கிறது. நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பிலிருந்து கல்லணையை நோக்கி மேற்கே, எதிர்காற்றில் இரண்டு மணி நேரம் எழுந்து நிற்காமல் ஒரே சீராக மிதியுங்கள். ஏற்றத்தில் கால் செய்யும் வேலைக்கு அது கிட்டத்தட்ட வரும். டெல்டாக்காரர்களைக் கவிழ்ப்பது இறக்கம். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்குவார்கள். பேட் கொதித்து, மேல் பரப்பு கண்ணாடி போலாகிப் பிடிக்காமல் போகும். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய், ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். 3,000 மீட்டருக்கு மேலுள்ள காற்றுக்கு மட்டும் இங்கே பயிற்சி கிடையாது. முன்கூட்டியே போய்த் தங்கி, தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் உடம்பைப் பழக்க வேண்டும்.

எந்தப் பந்தயம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டூர் டிவைட் ஜூன் இரண்டாவது வெள்ளிக்கிழமை கிளம்பும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்று விட்டு, ஆற்றில் தண்ணீர் வரும் வாரத்தில் வீட்டு ஆண்பிள்ளை மூன்று வாரம் காணாமல் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிலம் இருக்கிற வீடு என்றால், அந்த இரவுகளில் புள்ளி பார்த்துக்கொண்டு விழித்திருந்தபோது வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனது யார் என்பதையும் யோசியுங்கள். மொராக்கோவில் நடக்கும் அட்லஸ் மவுன்டன் ரேஸ் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், சுமார் 1,300 கி.மீ. சம்பா அறுத்துக் களம் ஓய்ந்த நேரம். அதைக் குறிவையுங்கள். அதற்கு முன் 600 கி.மீ. பிரெவேயை 40 மணி நேரத்துக்குள் ஒரு தடவை முடித்துக் காட்டுங்கள்.

பெண் பார்க்கும் விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். வாரக் கடைசியில் வீட்டில் இருக்க மாட்டேன், இவ்வளவு பணம் இதற்குப் போகும் என்று பெண்ணிடமே நேரில் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு தெரியவைப்பது ஏமாற்று.

அப்பாவுக்குப் 'புரியவைக்க' வேண்டியதில்லை. கூத்து என்று வாயால் சொல்லிக்கொண்டே தூக்குவாளி சுமந்து வருகிறவர் அவர். அவருக்குத் தேவை, பிள்ளை எங்கே இருக்கிறான் என்ற தகவல். நீங்கள் பான்ஃபில் கிளம்பிய அந்நியர்களின் புள்ளியைப் பார்க்கிறீர்களே, உங்கள் புள்ளியை அவருக்குக் காட்டுங்கள். கூகுள் மேப்ஸில் இருப்பிடத்தை நீங்களாக நிறுத்தும்வரை பகிரலாம். வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரம்தான். செயற்கைக்கோள் கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கிவராதீர்கள், இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

புள்ளியைப் படிக்கவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அரைமணி நேரம் நகராவிட்டால் டீக்கடை, அல்லது பஞ்சர். ஒரே இடத்தில் நின்று 'கடைசியாகப் பார்த்தது' என்று காட்டினால் சிக்னல் இல்லை. எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குள் பேசுவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் பேச்சில்லை என்றால் மட்டும் அவர் செயல்படட்டும், அப்போதும் தான் கிளம்பாமல், பக்கத்து ஊரில் இருக்கும் உங்கள் நண்பரைக் கூப்பிட்டு. மைக் ஹால் 2017இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தின்போது அதிகாலை இருட்டில் கார் மோதி இறந்துபோனார். இருட்டுச் சாலை யாருக்கும் சலுகை தராது, டி.வி.எஸ்.ஸில் வரும் அறுபது வயதுக்காரருக்கும்தான்.

வருகிற சனிக்கிழமை கிளம்புமுன் அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, உங்கள் புள்ளியை அவரையே தொட்டுத் திறக்கவையுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு நீங்கள் போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். அந்த வண்டியின் முன்விளக்கு பல்பை வெள்ளிக்கிழமையே மாற்றிவிடுங்கள்.